நுவரெலியாவுக்கு முன் பஞ்சிகாவத்தை

கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்குப் போகிற வாகனம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம் ஏறுகிறது. ஏற்றத்தில் உழைப்பது எஞ்சின். அதற்கு முடியவில்லை என்றால் இரைந்து சொல்லிவிடும். இறக்கத்தில் உழைப்பது பிரேக். அது சத்தமில்லாமல் உழைக்கும், தளர்ந்துபோனாலும் சத்தமில்லாமலே தளரும். மலைநாட்டுக்குப் புறப்படுகிறவர்கள் எஞ்சின் ஒயிலையும் டயரையும் தண்ணீரையும் பார்க்கிறார்கள். பொனற்றுக்குள் விரல் தடிப்பில் ஓடும் கறுப்பு ரப்பர்க் குழாய்களைத் தொட்டுப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. எங்கள் பயணம் அந்தக் குழாய்களில்தான் தொடங்கியது.

வாகனம் வெள்ளவத்தையில் இருக்கும் என் மச்சானுடைய மிட்சுபிஷி பஜேரோ. 1990களின் நடுவில் ஜப்பானில் செய்தது, 4டி56 என்ற இரண்டரை லீற்றர் டீசல் எஞ்சின். ஒரு காலத்தில் இந்த நாட்டில் பஜேரோ என்றால் அமைச்சர்மார் ஞாபகத்துக்கு வருவார்கள். இப்போது அதே வண்டிகள் குடும்பஸ்தர்களிடமும் தோட்டத் துரைமாரிடமும் சுற்றுலாச் சாரதிகளிடமும் வந்து சேர்ந்திருக்கின்றன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் டீசலுக்கு வரிசையில் நின்று, பிறகு கியூஆர் குறியீட்டைக் காட்டி அளந்து வாங்கினோம். தனியார் வாகனங்களுக்கு இறக்குமதிக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். திறந்த பிறகும் வரியோடு சேர்த்துப் புதியதொன்றை வாங்குவது பெரும்பாலானோருக்கு எட்டாத காரியம். ஆகவே முப்பது வயது வண்டியை ஓட்டுவது இங்கே பொழுதுபோக்கு அல்ல. இருப்பதை வைத்துக் காப்பாற்றுகிற வாழ்க்கை முறை அது.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கிய அன்று, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையில் வண்டி நின்றது. காலி வீதியில் புடவைக் கடைகளும் மரக்கறிக் கடைகளும் யாழ்ப்பாணத்துப் பேச்சும் நெருங்கிக் கிடக்க, அங்கிருந்து மேற்கே சில நிமிடம் நடந்தால் மரைன் டிரைவ், ரயில் பாதை, அதற்கப்பால் கடல். மாலையில் அந்தக் காற்றுக்காகவே ஆட்கள் அங்கே வந்து நிற்பார்கள். ஆனால் அதே உப்புக் காற்று வாகனத்துக்கு ஆகாது. பொனற்றுக்குள் ஓடும் மெல்லிய இரும்புக் குழாய்கள் துரு ஏறிச் செதில் செதிலாக உரியும், கிளிப்புகள் இற்றுப்போகும். கரையோரத்தில் வாகனம் வைத்திருக்கிற எவரையும் கேட்டுப் பார்க்கலாம்.

வண்டி இரண்டு அறிகுறிகளைக் காட்டியிருந்தது. நான்கு சக்கர ஓட்டத்துக்கு மாற்றினால் டாஷ்போர்டில் முன் சக்கரக் குறி நிலையாக எரியாமல் மினுங்கிக்கொண்டே இருந்தது. பிரேக் மிதியும் முன்னைவிடக் கடினமாகியிருந்தது. நிற்கத்தான் செய்தது, ஆனால் காலை ஊன்றி மிதிக்கவேண்டும். இப்படியே மலைக்குப் போகக் கூடாது என்பதில் எங்கள் இருவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. விடியற்காலை, வீதியில் சனம் சேருமுன், மெதுவாகக் கொட்டாஞ்சேனையில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனோம்.

காலிமுகத்திடலைத் தாண்டி, கோட்டையைச் சுற்றி, துறைமுகப் பக்கமாகக் கொச்சிக்கடைக்குள் நுழையும்போது கொழும்பின் வேறொரு முகம் தெரியும். அந்தோனியார் கோவிலில் அந்த நேரத்திலேயே மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். 2019 உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்த அதே ஆலயத்தில், சைவர்களும் பௌத்தர்களும் கத்தோலிக்கரோடு வரிசையில் நின்று கும்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறார்கள். கொஞ்சத் தூரத்தில் கருங்கல்லால் எழுந்த பொன்னம்பலவாணேஸ்வரர் கோவில். வடக்கே புனித லூசியாள் பேராலயத்தின் கவிகைமாடம், தெற்கே 1757இல் ஒல்லாந்தர் திறந்த வுல்ஃபெண்டால் தேவாலயம். இவற்றுக்கிடையே லொறி போகவும் ஆள் ஒதுங்கவும் ஒரே அகலம் போதும் என்று விட்ட தெருக்கள். துறைமுகம் பக்கத்தில் என்பதால் லொறியும் லொறி திருத்துகிறவர்களும் இந்தப் பகுதிக்குப் புதியவர்கள் அல்ல. எங்கள் கராஜ் ஜம்பட்டா வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கையொன்றில் இருந்தது. தகரக் கூரை, இரண்டு வண்டிக்கு மட்டும் இடம்.

கராஜை நடத்தும் அண்ணை அறுபதைத் தாண்டியவர். சிறுவயதில் அதே ஒழுங்கையில் சாவி எடுத்துக்கொடுக்கும் பையனாகச் சேர்ந்தவர். பொனற்றைத் திறந்ததும் எஞ்சினைத் தொடவில்லை. குனிந்து, ஒல்டனேட்டரின் பின்பக்கத்திலிருந்து புறப்படும் ஹோஸ் ஒன்றை இரண்டு விரலால் மடக்கினார். மடிப்பில் நுண்ணிய வெடிப்புகள் வாய் திறந்தன.

“எஞ்சினுக்கு ஒண்ணும் இல்ல தம்பி. வெக்கியூம் வழிதான் பழசாயிருச்சு.”

பிறகு அவர் விளக்கிய விதம் எந்த வகுப்பறைக்கும் பொருந்தும். பெற்றோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது திறொட்டில் தகட்டுக்குப் பின்னால் தானாகவே வெற்றிடம் உண்டாகிறது. பிரேக்குக்கு உதவ அதையே எடுத்துக்கொள்ளலாம். அங்கே ஹோஸ் ஒன்று ஒழுகினால் கணக்கில் இல்லாத காற்று உள்ளே போய், எரிபொருள் கலவை மெலிந்து, எஞ்சின் நின்ற இடத்தில் தடுமாறும். ஓட்டுகிறவருக்கு உடனே தெரியும். பழைய டீசலில் அப்படி இல்லை. அதற்குத் தனி வெக்கியூம் பம்பு வேண்டும். 4டி56இல் அது ஒல்டனேட்டரின் முதுகில் சேர்ந்தே சுழல்கிறது, எஞ்சின் ஒயிலே அதற்கும் மசகு. இந்தப் பம்பின் வழியில் ஹோஸ் வெடித்தாலும் எஞ்சின் எப்போதும்போலவே ஓடும். குறைவது பிரேக்கின் பலம் மட்டும். டீசல் ஜீப் வைத்திருப்பவர்கள் மனதில் இருத்தவேண்டியது இதுதான்.

அந்தப் பலம் சின்னதல்ல. பிரேக் பூஸ்டர் ஒரு வட்டமான தகரப் பெட்டி, நடுவில் ரப்பர்த் திரை. திரையின் ஒரு பக்கம் வெற்றிடம். மிதிக்கும்போது மறுபக்கம் வெளிக்காற்று நுழைகிறது. நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தமே திரையைத் தள்ளுகிறது. ஒன்பது அங்குல விட்டமுள்ள திரைக்கு ஏறத்தாழ 410 சதுர சென்ரிமீற்றர் பரப்பு. இருபது அங்குலப் பாதரச அளவு வெற்றிடம் இருந்தால் அதன்மேல் விழும் தள்ளுவிசை சுமார் 280 கிலோ. ஒரு ஹோஸின் வெடிப்பு இந்தத் துணையை நம் காலடியிலிருந்து பறித்துவிடுகிறது.

பஜேரோவில் அதே பம்புக்கு இன்னும் வேலைகள் உண்டு. 1991இல் வந்த இரண்டாம் தலைமுறையின் சூப்பர் செலக்ட் ஏற்பாட்டில், முன் அச்சைக் கோத்து விடுவதும் கழற்றி விடுவதும் வெற்றிடத்தால் இயங்கும் ஒரு சின்னக் கருவி. இரண்டு மின்காந்த வால்வுகள் அதற்கு வழி திறந்து மூடுகின்றன. அங்கிருந்து ஹோஸ்களும் இரும்புக் குழாய்களும் கீழே அச்சுவரை இறங்குகின்றன. வழியில் எங்காவது ஒழுகினால் கருவி முழுதாக இழுபடாது. மினுங்கிய விளக்கின் பொருள் அதுதான். இந்த விளக்கைக் கண்டு கியர்ப்பெட்டியையே கழற்றச் சொல்லிச் செலவு வைப்பவர்களும் உண்டு. அண்ணை கைப்பம்பு ஒன்றையும் அளவுமானியையும் எடுத்து ஒவ்வொரு பகுதியாகப் பிரித்துச் சோதித்தார். கருவி நல்லது: இழுத்த அளவில் முள் அசையாமல் நின்றது. வால்வுகளும் நல்லவை. ஹோஸில் கோத்ததும் முள் சரிந்தது.

“அப்ப வெடிச்சதை மட்டும் மாத்தினால் காணாதோ அண்ணை?” என்றான் மச்சான்.

“எல்லாம் ஒரே நாள் ஜப்பான்ல போட்டது தம்பி. ஒண்ணு போனா மத்ததும் வரிசையில நிக்குது. மலைக்குப் போறீங்க, முழுசா மாத்துங்க.”

பழைய ஹோஸ்களிலிருந்து ஒவ்வொரு அளவிலும் ஒரு துண்டு வெட்டிக் கடதாசியில் சுற்றித் தந்தார். ஓட்டோ பிடித்துப் பஞ்சிகாவத்தைக்குப் போனோம்.

பஞ்சிகாவத்தை மருதானைக்குப் பக்கத்தில் இருக்கிறது. இலங்கையில் ஓடும் ஏதாவது வாகனத்தின் ஏதாவது உறுப்பு வேண்டுமென்றால் கடைசியில் எல்லோரும் வந்து நிற்கும் இடம் அது. நடைபாதைவரை தொங்கும் பம்பர்கள், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய கியர்ப்பெட்டிகள், ஜப்பானில் கழற்றிக் கொள்கலனில் வந்த ரீகண்டிஷன் எஞ்சின்கள், கம்பியில் கோத்த கதவுக் கண்ணாடிகள். ஒரு கடையில் கேட்டது இல்லையென்றால் கடைக்காரரே ஒரு பையனை நான்காவது கடைக்கு ஓட விடுவார். சிங்களத்தில் தொடங்கிய பேரம் தமிழில் முடியும். தமிழில் கேட்ட விலைக்குச் சிங்களத்தில் பதில் வரும். நாட்டில் எத்தனை பிரிவுகள் பேசப்பட்டாலும், சாமானின் இலக்கத்தைச் சரியாகச் சொல்கிறவருக்கு இந்தத் தெருவில் மரியாதை உண்டு.

ரப்பர்ச் சாமான்களுக்கென்றே இருந்த ஒரு கடையில் முதிய நானா ஒருவர் எங்கள் கடதாசியைப் பிரித்தார்.

“என்ன மொடல்? சாம்பிள் ஈக்கா? சரி, எது எங்க பூட்டுறது எண்டு சொல்லுங்க.”

அந்தக் கேள்விதான் கடைக்காரரின் தரம். ஹோஸை நீளத்தால் மட்டும் விற்பவர்கள் அதைக் கேட்கமாட்டார்கள். நானா எங்கள் துண்டின் முனையைப் பிளேட்டால் நேராகச் சீவி, உள் விட்டத்தைக் கருவியால் அளந்தார். வால்வுகளுக்குப் போகும் மெல்லியவை சுமார் நான்கு மில்லிமீற்றர். பூஸ்டருக்குப் போவது பெருவிரல் தடிப்பு, உள்ளே துணி இழை நெய்தது. பிறகு சுவரின் தடிப்பைக் காட்டினார். தண்ணீர்க் குழாய்க்குள் அழுத்தம் வெளியே தள்ளுகிறது. வெக்கியூம் குழாயை வெளிக்காற்று உள்ளே நசுக்குகிறது. சுவர் மெல்லியதாக இருந்தால் எஞ்சின் சூட்டில் இளகித் தட்டையாகி வழியை அடைத்துவிடும். கண்ணாடி கழுவும் தண்ணீருக்கான தெளிந்த பிளாஸ்டிக் குழாயைச் சிலர் வெக்கியூமுக்குப் போடுவார்களாம். அதை அவர் தன் கடையில் இந்த வேலைக்கு விற்பதில்லை.

பொருளிலும் வேறுபாடு இருந்தது. ஈபிடிஎம் ரப்பர் சூட்டையும் காற்றிலுள்ள ஓசோனையும் தாங்கும், ஒயில் பட்டால் உப்பிவிடும். நைட்ரைல் ஒயிலைத் தாங்கும், ஓசோனில் அவ்வளவு பலமில்லை. நீலமும் சிவப்புமாக மின்னும் சிலிக்கோன் சூட்டுக்கு மிக நல்லது, ஒயிலும் எரிபொருளும் படும் இடத்துக்கு ஏற்றதல்ல. எங்கள் பம்பு ஒயிலில் ஓடுவதால் அதன் வாயில் ஒயில் ஆவி எப்போதும் இருக்கும். ஆகவே பம்புப் பக்கத்துக்கு உள்ளே நைட்ரைல் உள்ள பிரேக் வெக்கியூம் ஹோஸ், வால்வுகளின் பக்கத்துக்குத் தடித்த ஈபிடிஎம் என்று பிரித்துக் கொடுத்தார். இரும்புக் குழாய்க்கு மாற்றுக் குழாய், கிளிப்புகள், பூஸ்டர் வழியில் நிற்கும் ஒருவழி வால்வு, ஒரு சின்ன அளவுமானி என்பவற்றையும் வாங்கினோம். மொத்தச் செலவு, அரை டாங்கி டீசலின் விலைக்குள் அடங்கியது.

கராஜில் அண்ணையும் அவரிடம் தொழில் பழகும் பையனும் வேலையைத் தொடங்கினார்கள். முதல் ஒழுங்கு: எதையும் மொத்தமாகக் கழற்றுவதில்லை. ஒன்றைக் கழற்றி, அதே நீளத்துக்குப் புதியதை வெட்டி, அதே இடத்தில் பூட்டிய பிறகே அடுத்தது. அப்படிச் செய்தால் வழி மாறாது. கழற்றுமுன் பையன் தொலைபேசியில் படமும் எடுத்துக்கொண்டான். காய்ந்துபோன ஹோஸைப் பிடித்து இழுக்கக் கூடாது. வால்வின் பிளாஸ்டிக் மூக்கு முறிந்தால் ஹோஸுக்குப் பதிலாக வால்வே வாங்கவேண்டும். பிளேட்டால் நீளவாக்கில் கீறி உரித்தெடுத்தார்கள். புதிய முனை நேராக வெட்டப்பட்டு, மூக்கின்மேல் இறுக்கமாக ஏறவேண்டும். தளர்வாக ஏறினால் அளவு பிழை, கிளிப் போட்டு மறைக்கக் கூடாது. டர்போவுக்கும் புகைபோக்கிக்கும் கிட்டப் போகாமல், எங்கும் மடியாமல் வழி விடவேண்டும். ஒருவழி வால்வில் அம்புக்குறி பம்பைப் பார்த்து நிற்கவேண்டும். மாறிப் பூட்டினால் பிரேக்குக்குத் துணையே கிடைக்காது.

முடிந்ததும் அண்ணை மச்சானை இருக்கையில் ஏற்றிச் சோதிக்கச் சொன்னார். இந்தச் சோதனைக்குக் கருவி வேண்டாம், எவரும் தங்கள் வீட்டு வாசலில் செய்யலாம். எஞ்சினை நிறுத்திவிட்டு மிதி இறுகும்வரை மிதிக்கவேண்டும். இறுகிய மிதியில் காலை வைத்தபடி எஞ்சினை இயக்கினால் மிதி காலோடு சற்றுக் கீழே இறங்கவேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டருக்கு வெற்றிடம் போய்ச் சேரவில்லை. பிறகு எஞ்சினை நிறுத்தி, சில நிமிடம் பொறுத்து மிதித்தால் முதல் மிதி மென்மையாக இருக்கவேண்டும். உடனே கடினமென்றால் ஒருவழி வால்வோ ஏதோவொரு ஹோஸோ ஒழுகுகிறது. எங்கள் மிதி இறங்கியது, பொறுத்தும் மென்மையாக நின்றது. முன் சக்கரக் குறியும் மினுங்காமல் எரிந்தது. அளவுமானியில் 26 அங்குலம்.

அடுத்த நாள் கண்டி வீதியில் புறப்பட்டோம். கம்பஹாவில் பாதையிலிருந்து விலகி ஹெனரத்கொட தாவரவியல் பூங்காவுக்குப் போனது என் விருப்பத்தில். ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்த ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளில் முளைத்தவற்றிலிருந்து, 1,900க்கும் மேற்பட்ட நாற்றுகள் 1876இல் இலங்கைக்கு வந்தன. அவற்றை வளர்த்தெடுத்த இடம் இந்தப் பூங்கா. ஆசியாவின் ரப்பர்த் தோட்டங்களின் வரலாறு இந்த மண்ணைத் தொட்டுத்தான் போகிறது. 1952இல் சீனாவோடு அரிசிக்கு ரப்பர் கொடுக்கும் ஒப்பந்தம் செய்து இந்தத் தீவு தன் மக்களுக்குச் சோறு போட்டது. அப்படிப்பட்ட நாட்டில் எங்கள் ஹோஸ்கள் ஏன் வெளியிலிருந்து வருகின்றன? பதில் மரத்தின் பாலிலேயே இருக்கிறது. இயற்கை ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. ஓசோன் அவற்றைத் தாக்கி அறுக்கிறது. ரப்பர் இழுபட்டு நிற்கும் இடத்தில், அதாவது மூக்கின்மேல் ஏறிய முனையில், வெடிப்பு முதலில் விழுகிறது. ஒயிலிலும் அது உப்பிவிடும். டயருக்கு ஈடிணையற்ற இந்த ரப்பர் பொனற்றின் சூட்டுக்கும் ஒயிலுக்கும் ஏற்றதல்ல. அந்த இடத்தைச் செயற்கை ரப்பர்கள் பிடித்துக்கொண்டன. அவையும் முப்பது வருடம் தாங்கப் பிறந்தவை அல்ல.

கடுகண்ணாவை ஏற்றத்தில் டோசன் கோபுரத்தைக் கடந்தோம். ஆங்கிலேயர் கண்டிக்கு வெட்டிய இந்த வீதியில் உழைத்து 1829இல் இறந்த கப்டன் டோசனின் நினைவாக 1832இல் எழுந்தது அது. கண்டியைத் தாண்டி, கம்பளை, புசல்லாவ, இறம்பொடை என்று வளைவுக்கு மேல் வளைவாக ஏறினோம். இறம்பொடையில் அருவியும் தேயிலைச் சரிவும் ஒரே பார்வையில் விழுந்தன. மேலே போகப் போகக் கொழுந்துக் கூடைகளோடு ஓரமாக நடக்கும் பெண்கள், வளைவில் விலகி வழிவிடும் மரக்கறி லொறிகள். நுவரெலியாவில் வண்டியை நிறுத்தியதும் மச்சான் அளவுமானியைப் பூட்டினான். கொழும்பில் 26 காட்டிய முள் 21க்குக் கிட்ட நின்றது.

எங்கும் ஒழுகவில்லை. நுவரெலியாவின் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். பம்பு எவ்வளவு இழுத்தாலும் வெளிக்காற்று தள்ளக்கூடிய அளவே குறைந்துவிட்டது. உயரம் தன் பங்கை ஏற்கெனவே எடுத்துக்கொள்வதால்தான், அதற்கு மேல் ஒழுகும் ஹோஸ் ஒன்றையும் சேர்த்துக்கொண்டு மலையேறக் கூடாது. அண்ணை ‘முழுசா மாத்துங்க’ என்று அழுத்திச் சொன்னதன் நியாயம் அந்த முள்ளில் தெரிந்தது. திரும்பும்போது மலைச் சாரதிகள் செய்வதுபோல ஏறிய கியரிலேயே இறங்கி, எஞ்சினையே பிடித்துவைக்கச் செய்து, பிரேக்கை வளைவுகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டோம். தேவைப்பட்ட ஒவ்வொரு முறையும் மிதி இலகுவாக இறங்கியது.

இந்த நாட்டில் வாகனத் தொழிலை முறையாகப் படிக்க 1959இலிருந்து இலங்கை–ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. ‘ஜேர்மன் டெக்’ என்றால் எல்லோருக்கும் தெரியும். ஆனால் முப்பது வருடத்து வண்டியின் எந்த ஹோஸ் எந்தப் பக்கம் வெடிக்கும் என்ற அறிவு இன்னும் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில், அண்ணை போன்றவர்களின் விரல்களில்தான் இருக்கிறது. அவரிடம் பழகும் அந்தப் பையனைப் போல இன்னும் பலர் அங்கே வந்து நிற்கவேண்டும். அவர்கள் நின்று பிழைக்கிற அளவுக்கு நாமும் கூலி கொடுக்கவேண்டும். சாமானுக்கு விலை கேட்காமல் கொடுத்துவிட்டு, திருத்துகிறவரின் கூலியில் பேரம் பேசும் பழக்கம் நல்லதல்ல.

ஏப்ரல் வசந்த காலத்துக்கு நுவரெலியா போகப் பழைய ஜீப்பைக் கழுவி நிறுத்தியிருப்பவர்கள் ஒரு காலைப் பொழுதை இதற்கு ஒதுக்குங்கள். பொனற்றைத் திறந்து ஒவ்வொரு ரப்பர்க் குழாயையும் விரலால் மடக்கிப் பாருங்கள். ஒன்றில் வெடிப்பு இருந்தாலும் எல்லாவற்றையும் மாற்றுங்கள். மலை அதற்குப் பிறகும் அங்கேதான் இருக்கும்.